எழுத்துக்கு முன் பிறந்தவன்

என் மாமனார் இங்கிலாந்தில் ஒரு ‘சேர்’. ஏதோ ஒரு ராசா அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த பரம்பரைப் பட்டம். அம்மா அவரைப் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்து, என்ன பாடம் படிப்பித்தவர் என்று கேட்டாள்.

ஜேர்மனியில், எசன் நகரக் கோயிலில் வைத்து எங்களுக்குத் தாலி கட்டியாகிவிட்டது. எழுத்து என்று நாங்கள் சொல்லும் அரசாங்கப் பதிவுதான் பாக்கி. நாங்கள் இருக்கும் வுப்பர்டாலில் அதற்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும், கிடைப்பதற்குள் வயிற்றில் பிள்ளை. ஆண் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமனார் ஓயாமல் போன் எடுத்தார். எழுத்துக்கு முன் பிறந்தால் பேரனுக்குப் பட்டம் வராதாம். பிறகு எழுதினாலும் செல்லாதாம்.

ஈஸ்டருக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் பட்டத்தின் கதையைச் சொன்னார். அது ஒருமுறைகூடத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனதில்லை, எப்போதும் பேரனுக்குத்தான். நடுவில் இருந்த மூத்த மகன்களில் ஒருவர் போரில் போனார், ஒருவர் குதிரையிலிருந்து விழுந்தார், இவருடைய அப்பா காய்ச்சலில் செத்தார். எல்லாருமே ஆண்பிள்ளை பிறந்த பிறகு, பெற்ற தகப்பன் உயிரோடிருக்கும்போதே. வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

என் கணவர்தான் இப்போது மூத்த மகன். அவர் சிரித்துக்கொண்டே உருளைக்கிழங்கை வெட்டினார். மகனை நினைத்து உங்களுக்குப் பயமில்லையா என்று மாமனாரைக் கேட்டேன்.

“பேரன் இருந்தால் போதும்,” என்றார்.

எனக்குப் பேய், சாபம் எதிலும் நம்பிக்கையில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு கணவர் சைக்கிளில் வரச் சற்றுப் பிந்தினாலும் வாசலில் போய் நின்றேன். பிரசவத்துக்குச் சில நாட்களுக்கு முன் டெர்மின் வந்தது. உடம்புக்கு ஏலாது என்று அவரிடம் சொல்லி, அதை நானே ரத்துச் செய்தேன். அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

“சனம் என்ன கதைக்கும், பிள்ளை?”

“கதைக்கட்டும் அம்மா. பட்டம் எடுக்கப் பேரன் இல்லாட்டி இவருக்கு ஒண்டும் ஆகாது. எனக்கு என்ர மனிசன் வேணும்.”

அம்மா என் வயிற்றில் கை வைத்தாள். பிறகு “ஓம்” என்றாள்.

மகன் பிறந்தான். பார்க்க வந்த மாமனார் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார், பட்டம் வராத பிள்ளையைத் தூக்கவில்லை. திரும்பி என் கணவரின் தோளில் கை வைத்தார்.

“இனி நீ உன் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.”

கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா தன்னிடம் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவையாம். அந்தச் சந்தோஷத்தில், அடுத்த பிள்ளைக்கு முன் எழுத்தை முடித்துவிடுகிறோம் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தார்.