மாப்பிள்ளை காருக்கு நாலு சென்சார்

ஊரில் பாதிக் கார்களின் கூச்சலுக்கு அவர்தான் பொறுப்பு. கார்களுக்கு அலாரம் பொருத்துவது தொழில். அதனால் 'சைரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் பட்ட சென்சாரையெல்லாம் கேட்பார்கள். கார் எங்கே நிற்கும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சைரன் முதலில் விசாரிப்பார். அப்புறம் பாதியை வேண்டாம் என்பார். ஒத்துவராதவருக்கு அடுத்த கடையைக் கை காட்டிவிடுவார். எவ்வளவு பெரிய ஆளானாலும் முகத்துக்கு நேரே சொல்ல அவர் தயங்கியதே இல்லை.

ஒரே ஒரு ஆளைத் தவிர. தங்கையின் கணவர். வீட்டு மாப்பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல எந்த அண்ணனுக்கு வாய் வரும்?

மாப்பிள்ளை பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். கதவு ஓரமெல்லாம் துரு. பின் சீட் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. அதில்தான் ராஜா மாதிரி கடை வாசலில் வந்து இறங்கினார். கதவைத் திறந்தால் கத்தும் சென்சார் ஒன்று போதும் என்றார் சைரன். மாப்பிள்ளை கேட்கவில்லை. தட்டினால் கத்த ஒன்று, வண்டி சாய்ந்தால் கத்த ஒன்று, உள்ளே ஏதாவது அசைந்தால் கத்த ஒன்று, எல்லாமே வேண்டும் என்றார். இதைத் திருட வருகிறவன் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும் என்று சைரனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அப்போது மாப்பிள்ளை பானெட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"திருட்டுப் போயிடுமோன்னு பயப்படற அளவுக்கு என்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணுமே இருந்ததில்ல, மச்சான்."

சைரன் நாலையும் பொருத்திக் கொடுத்தார். சட்டென்று கத்திவிடாதபடி எல்லாவற்றின் திருகையும் குறைத்தே வைத்தார். மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? வீட்டுக்குப் போனதும் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, திருகுகளைக் கடைசிவரை முறுக்கிவிட்டார். மச்சான் ஆசையாகப் போட்டுக் கொடுத்ததைக் குறைத்து வைத்தால் அவர் மனசு சங்கடப்படுமே என்ற நல்லெண்ணமாம்.

லாரி திரும்பினால் கத்தியது. பூனை ஏறிப் படுத்தால் கத்தியது. கண்ணாடி இடுக்கில் காற்று நுழைந்தாலும் கத்தியது. மாப்பிள்ளை வாடகைக்கு இருந்தது மாடியில்; கார் நின்றதோ கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் படுக்கையறை ஜன்னலை ஒட்டி. ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை ரிமோட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, நிதானமாக அணைத்து, கூடியவர்களிடம் மச்சானின் கைவேலையைப் புகழ்ந்துவிட்டுப் போவார். சைரன் வந்து திருகைக் குறைப்பார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மாப்பிள்ளை கூட்டிவிடுவார். தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் என்றால் சைரனுக்கு அதுவும் அதிகம் மிச்சமில்லை.

ஒரு நாள் தங்கை போன் செய்தாள். இன்னொரு தடவை கத்தினால் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாராம். எத்தனையோ வீடு மாறி, இப்போதுதான் காற்றோட்டமான சமையலறையும் எதிரிலேயே பிள்ளைக்குப் பள்ளிக்கூடமுமாக ஒன்று வாய்த்திருந்தது.

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதண்ணே. அந்த வண்டி வந்தப்புறம்தான் மனுஷன் நிமிர்ந்து நடக்கறாரு."

வண்டியும் வாய் திறக்கக் கூடாது, மாப்பிள்ளை முகமும் வாடக் கூடாது. நல்ல வேலை கொடுத்தாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒயரைச் சரிபார்க்க வேண்டும் என்ற சாக்கில் சைரன் காரைக் கடைக்கு வரவழைத்தார். மாப்பிள்ளை டீ குடிக்கப் போன நேரத்தில் மூன்று சென்சார்களின் ஒயரைக் கழற்றிவிட்டார். கதவு சென்சாரை மட்டும் விட்டுவைத்தார். திருகுகளைத் தொடவில்லை, மாப்பிள்ளை ஆசை தீர முறுக்கிக்கொள்ளட்டும் என்று. சிவப்பு விளக்கு எப்போதும்போல மினுக்கியது.

தெரு அமைதியானது. மாப்பிள்ளைக்குத்தான் அது பொறுக்கவில்லை. போன் செய்தார். பானெட்டில் குத்தினாராம், கூரைமேல் படுத்துக்கூடப் பார்த்தாராம், கத்தவே இல்லையாம். சைரன் எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

"அது உங்களையும் தெருவையும் பழகிடுச்சு, மாப்ள. சொந்தக்காரர் தொட்டா ஏன் கத்தப் போகுது?"

மாப்பிள்ளை, அப்படியா என்று மட்டும் கேட்டார். பானெட்டைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் போனில் கேட்டது.

தப்பித்தோம் என்று சைரன் மூச்சு விட்டார். விட்டிருக்கக் கூடாது. மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆளாளுக்குக் கடையேறி, சொந்தக்காரரைத் தெரிந்துகொள்ளும் சென்சார் கேட்டார்கள். அப்படி ஒன்று கிடையாது என்றால், மாப்பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று சண்டைக்கு நின்றார்கள். கடைசியில் வந்தவர் வீட்டுக்காரம்மா.

"தம்பி, உங்க மாப்பிள்ளை வண்டியில இருக்கறதையே என் காருக்கும் போட்டுக் கொடுங்க."

உண்மையைச் சொன்னால் அது மாடியேற ஒரு நிமிஷம் ஆகாது. பானெட்டைத் தடவிய அந்தக் கை சைரனின் கண்முன் வந்தது. முகத்துக்கு நேரே பேசியே பழகிய மனிதர், முதல் தடவையாகத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அது அவருக்குன்னே செஞ்சதும்மா. இன்னொண்ணு வராது."

சாயங்காலமே மாப்பிள்ளை போன் செய்தார். கடையில் சைரன் சொன்னதையெல்லாம் வீட்டுக்காரம்மா சொன்னாராம். இப்போது காரைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கிப் போகிறாராம். வீட்டைக் காலி செய்யும் பேச்சையே எடுக்கவில்லையாம். சைரனுக்கு இத்தனை நாள் எரிச்சலும் வடிந்து மனசு நிறைந்துபோனது. மாப்பிள்ளை அடுத்த வார்த்தை பேசும்வரைதான்.

"உலகத்துலயே இது ஒண்ணுதான்னா, இதைத் திருட எத்தனை பேர் வருவாங்க, மச்சான்? எதுக்கும் இன்னொரு சென்சார் போட்டுருவோமா?"