பழனியம்மாக்காவும் ஞாயித்துக்கிழமைச் சம்பளமும்

பழனியம்மாக்கா போயிட்டாங்க. காலைல அவங்க பொண்ணு போன் பண்ணுச்சு... நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள.

ஏற்காட்ல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல அவங்களைப் பாத்த ஞாபகம் பல பேருக்கு இருக்கும். பெல் அடிப்பாங்க, சர்க்குலர் கொண்டு போவாங்க, டிசி வாங்க வர்றவங்களை உக்கார வைப்பாங்க.

எனக்கு அதுக்கும் முன்னாடியே பழக்கம். கரடியூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்து நாள் கூலிக்குக் காப்பிக்கொட்டை பொறுக்குனோம். எனக்குப் பத்தொன்பது வயசு, அவங்களுக்கு முப்பத்தஞ்சு இருக்கும்.

அந்த ஸ்கூல்ல ஆள் எடுக்கறாங்கன்னு போய்க் கேட்டாங்க. பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணுமாம். அக்கா எட்டாவதோட நின்னவங்க.

பிரைவேட்டா பரிட்சைக்குப் பணம் கட்டுனாங்க. அதே வருஷம் அவங்க பொண்ணும் பத்தாவது. பொண்ணு பாஸ்... அக்கா கணக்குல ஃபெயில்.

"ஏங்கண்ணு, இந்த எக்ஸ் எதுக்கு ஒவ்வொரு கணக்குலயும் வேற வேற நம்பரா வருது?"

நானும் கொட்டை பொறுக்கறதை விட்டுட்டு விரல் விட்டு எண்ணிப் பாத்தேன்.

மறுபடி எழுதப் போன அன்னைக்கு ஆள் கணக்கு எழுதற எஸ்டேட் ரைட்டர்கிட்ட நாந்தான் பொய் சொன்னேன்.

"அக்காவுக்குக் காய்ச்சலுங்க."

"கணக்குக் காய்ச்சலா?"

சிரிச்சிட்டுப் போயிட்டார். அவருக்கு யார் சொன்னாங்களோ!

அதுலயும் ஃபெயில். மூணாவது தடவை பாஸ். அந்த ஸ்கூல்லயே வேலையும் கெடைச்சுது. மொத மாசம் முடிஞ்சதும் என்னைத் தேடி ஷெட்டுக்கே வந்தாங்க.

"கண்ணு, ஞாயித்துக்கிழமைக்கும் சம்பளம் போடறாங்க! மழை பேஞ்சாலும் போடறாங்க. தப்பாப் போட்டுட்டீங்களான்னு போய்க் கேட்டேன்... சிரிக்கறாங்க."

அப்புறம் சம்பள சர்டிபிகேட் காட்டி பேங்க்ல லோன். பொண்ணு நர்சிங் முடிச்சு இப்ப சேலத்துல வேலை. தகர ஊடு, காங்கிரீட் போட்ட தார்சு ஊடு ஆச்சு.

அவங்க பொழப்பை எது மாத்துச்சுன்னு எனக்கு இன்னும் யோசனைதான். பரிட்சையா, மாசச் சம்பளமா, பொண்ணா? ஒருதடவை அவங்ககிட்டயே கேட்டேன். "நொம்ப யோசிக்காத கண்ணு, டீ ஆறுது"ன்னாங்க.

நான் அவங்களை விடச் சின்னவ. ஒம்பதாவது வரைக்கும் படிச்சவ. நான் ஏன் ஒரு பரிட்சை ஃபார்ம் கூட வாங்கலன்னு தெரியல... இப்பவும் அதே ஷெட்லதான்.

இப்ப அவங்க ஊட்டு வாசல்ல நிக்கறேன். வாத்தியாருங்க ஷூ, நர்சுங்க செருப்பு, எஸ்டேட்டுக்காரங்க ரப்பர் செருப்பு... ஒண்ணு மேல ஒண்ணாக் கெடக்குது. என்னுதைக் கழட்டி வைக்க எடம் தேடறேன்.

போயிட்டு வாங்கக்கா.