மஞ்சள் துணியில் முடிந்த வழிச்செலவு

சென்ற மாசியில் தீர்த்தமலைக்குப் போக, நாளைக்கு ஆறணா என்று மூன்று நாள் செலவை மூன்று முடிச்சாகக் கட்டினேன். கைக்கு அகப்பட்டது மஞ்சள் துணி. கட்டுச்சோறு இருந்ததால் முதல் முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை.

மலைமேல் தீர்த்தத்தில் குளிக்கப் போகையில் அந்த முடிப்பைக் கணவரிடம் கொடுத்தேன். ஈரப் புடவையோடு திரும்பினால், வெறுங்கையாக உண்டியல் முன் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“முடிப்பு எங்கங்க?”

“மஞ்சத்துணியில முடிஞ்சிருந்தியே, வேண்டுதல் காசுன்னு போட்டுட்டேன்.”

கோயில் காவலரிடம் அழுதேன்.

“உண்டியல்ல வுழுந்தது சாமியோடதுங்க. நான் என்னங்க பண்றது?” என்றார்.

சாமிக்குப் போனதால் கணவரைத் திட்டவும் வாய் வரவில்லை. வழியெல்லாம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எங்கள் ஊர் பாலக்கோடுவரை நடந்தே வந்தோம்.

இப்போது வழிச்செலவைக் கிழிந்த கறுப்பு ரவிக்கைத் துணியில்தான் முடிகிறேன். அதை எந்தச் சாமிக்கும் போட அவருக்குக் கை வராது.