டிரம்மில் ஊறிய பட்டம்

கட்டடம் கட்டுவது ஒரு பாடு. அதையே படிப்பது அதைவிடப் பெரிய பாடு. ஒரகடத்தில் தொழிற்சாலை கட்டும் சைட்டில் இன்ஜினியர் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக மூன்று வருஷ எம்.இ. படிக்கிறேன். வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

என் ப்ராஜெக்ட், இரும்பு வார்க்கும் ஆலைகள் கழித்துக் கொட்டும் மணலில் கான்கிரீட் போடுவது. அதைச் சதுரக் கட்டிகளாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மிஷினில் அழுத்தி உடைத்துப் பார்க்க வேண்டும். கட்டிக்கு க்யூப் என்று பெயர்.

சாக்கு மூட்டை

கல்லூரித் தொட்டியில் பகுதிநேரத்தாருக்கு இடமில்லை. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு டிரம்மிலேயே ஊறவைத்தேன். ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. நாள் முடிந்ததும் மூன்றை அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு, கல்லூரிக்கு ரயிலேற சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். மூட்டையைத் தூக்கி வைத்த டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இன்னாக்கா, வூடு கட்டறதுக்கு மூணு மூணு கல்லா எடுத்துனு போறியா?"

அன்பான யோசனை

கல்லூரி லேப் மிஷினில், வேண்டிய பாரத்தில் பாதிகூடத் தாங்காமல் மூன்றும் நொறுங்கின. மணலை அதிகமாகச் சேர்த்துவிட்டேன். என் வழிகாட்டியான பேராசிரியை, என் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டபடி சொன்னார்: "கம்ப்யூட்டர்லயே முடியற மாதிரி வேற டாபிக் எடுத்துக்கோம்மா. இதெல்லாம் தூக்கிட்டு அலைய வேணாம்."

ஆட்டுக்குத் தடை

நான் மாற்றவில்லை. சைட்டுக்குப் போகும் வழியில் தினமும் கண்ணெதிரே குவிந்து கிடக்கும் மணலை விட்டுவிட்டு வேறெதைப் படிப்பது? மணலைக் குறைத்து மறுபடி வார்த்தேன்.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கையில் பார்த்தால், டிரம்மில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது, தாழ்ப்பாள் இல்லாத பின்பக்க கேட்டுக்கு முட்டாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்துவிட்டால் சோதனைக்கு உதவாது; மூன்று இல்லாமல் முடிவும் எழுத முடியாது. கத்தத்தான் போனேன். மாமியார் துணி உலர்த்தியபடியே சொன்னார்: "இத்த வெச்சப்புறம்தான் ஆடு உள்ள வரல. தண்ணில சும்மாதான கெடந்துச்சு?"

சாப்பாட்டு நேரம்

மூன்றாம் முறை வார்த்தேன். விஷயம் தெரிந்தபின் டிரம்முக்குக் காவல் மாமியாரேதான். இதுவும் போனால் இன்னொரு செமஸ்டர். ஆனால் இந்த செமஸ்டருக்கு மேல் லீவு கிடையாது என்று சைட் மேனேஜர் சொல்லிவிட்டார். அப்புறம் படிப்பு அவ்வளவுதான்.

லேப் உதவியாளர் மிஷினை ஓட்டினார். முன்பு நொறுங்கிய அளவை முள் தாண்டியது. வேண்டிய அளவையும் தாண்டியது. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது இப்ப ஒடையற மாதிரி தெரியல மேடம். நான் போயி சாப்டுட்டு வந்துடட்டா?"

கான்கிரீட் கெட்டிப்பட இருபத்தெட்டு நாள் போதும். அதைப் படிக்கிறவள் கெட்டிப்படத்தான் மூன்று வருஷம் பிடிக்கிறது.