வெள்ளை மைவியும் லோகேஸ்வரியின் முழங்கையும்

மலேசியாவில், கிள்ளான் நகரில் பள்ளி வேன் ஓட்டும் லோகேஸ்வரியிடமிருந்து ஒரு பிள்ளையை வாங்கிக்கொண்டு போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தாய்மாமனே நேரில் வந்து நின்றாலும், அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் கதவைத் திறப்பார். பதினேழு வருஷமாக இப்படித்தான். வேனில் ஏறவும் ஒரு முறை உண்டு. முதலில் புத்தகப் பையை நீட்ட வேண்டும். பிள்ளைகள் ‘ஆன்டி’ என்று கூப்பிடும் லோகேஸ்வரி அதை வலது கையால் வாங்கி உள்ளே வைப்பார். அப்புறம்தான் பிள்ளை ஏறும். அவருடைய சந்தேகத்தை நம்பித்தான் அந்த வட்டாரத்தில் பல அம்மாக்கள் நிம்மதியாக வேலைக்குப் போனார்கள்.

மார்ச் மாதம், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்த ஒரு லோரி வேனின் வலது பக்கத்தில் மோதியது. வேனைப் பட்டறையில் சரிசெய்து ஃபிளாட்டுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். லோகேஸ்வரிக்கு வலது முழங்கை எலும்பு உடைந்திருந்தது.

மைலோ பொட்டலத்தோடு ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்தவன் விமலன். வக்கீல் ஆபீசுக்கு கேஸ் பிடித்துக் கொடுப்பவன். அவன் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் லோகேஸ்வரி நஷ்டஈட்டு கேஸ் பத்திரத்தில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

“அக்கா, ஒன்னு ஞாபகம் வச்சிக்குங்க. இன்சூரன்ஸ்காரன் ஆள் வச்சிப் பார்ப்பான். நீங்க கைய நீட்டி மடக்குற மாதிரி ஒரு வீடியோ கெடச்சா போதும், கேஸ் காலி லா. யாரு போன் பண்ணாலும் பேசாதீங்க.”

ஊரையே சந்தேகப்படுகிறவர், சந்தேகத்தைச் சொல்லிக்கொடுத்தவனை மட்டும் அப்படியே நம்பிவிட்டார்.

ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கையைத் தினமும் நீட்டி மடக்கு, வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வா என்றாள் பிசியோ பெண். அந்த அறைச் சுவரில் ஒரு கேமரா இருந்தது. லோகேஸ்வரி அதற்கப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே ஃபிளாட்டுக்கு எதிரே வெள்ளை மைவி கார் ஒன்று வந்து நின்றது. காலை எட்டு மணி. உள்ளே தொப்பி போட்ட ஓர் ஆள். போனை உயர்த்திப் படம் எடுத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாளும் வந்தான். இன்சூரன்ஸ் ஆள்தான் என்று லோகேஸ்வரி முடிவு கட்டினார். அன்றிலிருந்து கையைக் கழுத்தோடு கட்டிய துணியை வீட்டுக்குள்கூடக் கழற்றவில்லை. சோற்றை இடது கையில் கரண்டி பிடித்துத் தின்றார். முழங்கை இறுகுவது அவருக்கே தெரிந்தது. கேஸ் முடியட்டும், பிறகு சரிசெய்துகொண்டு வேனை எடுத்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். மறுபடி வேன் ஓட்ட வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நான்கு மாதம் கழித்து, கேஸுக்கு அறிக்கை எழுத சுபாங் ஜெயாவில் ஓர் எலும்பு டாக்டர் அந்தக் கையை நீட்டப் பார்த்தார். நீளவில்லை. மடக்கப் பார்த்தார். விரல் வாய்க்கு எட்டவில்லை.

“பிசியோ போகலையாம்மா? இறுகிப்போச்சே. ஆபரேஷன் பண்ணாலும் பழைய மாதிரி வரும்னு சொல்ல முடியாது.”

“வேன் ஓட்டலாமா டாக்டர்?”

“இந்தக் கையோடயா?”

வெளியே விமலன் தலையில் அடித்துக்கொண்டான். “ஐயோ அக்கா, இனி இன்சூரன்ஸ்காரன் உங்க தப்புன்னு சொல்வான் லா. கைய காட்டாதீங்கன்னுதானே சொன்னேன், பிசியோ போகாதீங்கன்னா சொன்னேன்?” லோகேஸ்வரிக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அறைகிற கைதான் நீளவில்லையே.

மதியம் ஃபிளாட்டுக்குத் திரும்பினால், எதிரே அதே மைவி. வந்த ஆத்திரத்தில் நேராகப் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

“எந்த இன்சூரன்ஸ் கம்பெனிடா நீ?”

தொப்பிக்காரன் பதறி இறங்கினான். “இன்சூரன்ஸா? நான் முகுந்தன் ஆன்டி, உங்க வேன்ல வர்ற வாணியோட அப்பா. கப்பல் போர்ட்ல நைட் ஷிப்ட், அதான் நீங்க பார்த்ததில்ல. என் பொண்டாட்டி குமுதா எத்தன தடவ போன் பண்ணா, நீங்க எடுக்கல. பிள்ள வேற வேன்ல ஏற மாட்டேங்குறா. அவள ஸ்கூல்ல விட்டுட்டு, உங்க வேன் கிளம்பிருச்சான்னு வந்து பார்ப்பேன். நிக்கிற வேனப் படம் எடுத்து அனுப்பினாதான் குமுதா நம்புவா. இன்னிக்கு ஸ்கூல் விட்டதும் பிள்ளையும் கூடவே வந்துட்டா.”

லோகேஸ்வரி கண்ணாடியைத் தட்டிய கையைக் கீழே இறக்கினார். வெட்கமாக இருந்தது, அதைவிடத் துக்கமாக இருந்தது.

அதற்குள் காரின் பின்கதவு திறந்தது. ஆன்டியைக் கண்ட சந்தோஷத்தில் வாணி குதித்து இறங்கி, பழக்கப்படி முதலில் பையை நீட்டினாள். லோகேஸ்வரியின் வலது கை தானாகத் துணியை விட்டுக் கிளம்பி, பாதியில் நின்றது. பை இருவருக்கும் நடுவில் விழுந்தது.

வாணி அதை எடுத்துத் தூசி தட்டி மறுபடி நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் நீட்டுங்க, ஆன்டி.”