பெயர் வெட்டாத டப்பா

தண்ணீர் கொடுத்தால் வைரக்கண்ணு உடனே குடிப்பதில்லை. சொம்பின் விளிம்புக்குக் கீழே கட்டைவிரலை ஓட்டி, புள்ளி புள்ளியாய் வெட்டியிருக்கும் பெயரைத் தடவிப் படிப்பார். "இது கண்ணுசாமி வீட்டுதுல்ல? ஏதோ விசேசத்துல மாறியிருக்கும். குடுத்திருங்க." அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில், பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவர் அவர். மெஷின் வந்துவிட்டாலும் சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன உளி இருக்கும். பெயர் வேண்டாம், பூ மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். "பூவ வச்சு வீட்டக் கண்டுபிடிக்க முடியுமா?" அவர் வீட்டில் வாளி, டார்ச் லைட், குடைக்காம்பு எல்லாவற்றிலும் 'வை' உண்டு. நான் தூங்கும்போது என் நெற்றியில் வெட்டாமல் இருக்கிறாரே, அதுவரைக்கும் சரி என்பார் மனைவி ராசம்மாள்.

ஆடிப்பெருக்குக்குக் கல்லணை போனபோது, பூங்காவில் புங்கமரத்தடியில் சோற்றுத்தூக்கை வைக்க ஒரு கல்லை நகர்த்தினார். வேர்ப்பொந்துக்குள் ஒரு எவர்சில்வர் டப்பா. விளிம்பைத் தடவினால் வழவழவென்று இருந்தது. உள்ளே பொத்தான், பாசிமணி, ஒரு மஞ்சள் பொம்மை பஸ். எந்தப் பிள்ளை தொலைத்துவிட்டு அழுகிறதோ என்று பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எங்கே போனாலும் அந்த டப்பாவும் கூடவே போயிற்று. பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்து நீட்டி, "இது உங்களுதா?" என்பார்.

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து தங்கை மலர்க்கொடி குடும்பத்தோடு வந்திருந்தாள். வெளியூர்க்காரர்களுடையதாக இருக்காது என்று அவர்களிடம் மட்டும் அவர் டப்பாவை நீட்டவில்லை; எதையோ ஊரெல்லாம் காட்டித் திரிகிறார் என்று ராசம்மாள் சொல்லித்தான் கேட்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பும் நாளில், ஐப்பசி மழையில் எல்லோரும் கல்லணைப் பூங்காவுக்குப் போனார்கள். தொலைத்த பிள்ளை ஒருவேளை அங்கே வரலாம் என்று வைரக்கண்ணுவும் பையோடு கிளம்பினார். வாசலில் பஜ்ஜி போடுகிற அம்மாளிடம் டப்பாவைக் காட்டிக் கேட்டுவிட்டுப் பின்னால் வந்து சேர்ந்தார்.

தங்கை மகள் பூவிழி கைப்பேசியைப் பார்த்தபடி நடந்தாள். ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டாம். யாரோ ஒரு பொருளை ஒளித்து வைப்பார்களாம். கைப்பேசி வழி காட்டுமாம்.

"ஒளிச்சு வச்சது யாரு?"

"தெரியாது மாமா."

"கண்டுபிடிச்சா நமக்கா?"

"இல்ல, பாத்துட்டு அங்கயே வச்சிரணும்."

"அப்ப எதுக்குத்தான் தேடுறது?"

"விடுங்க மச்சான், உங்களுக்குப் புரியாது" என்றார் தங்கை கணவர் அன்பரசன். உண்மையில் புரியவில்லை. உடையவர் இல்லாத பொருள், ஒளித்த ஆளுக்கும் வேண்டாம், எடுத்த ஆளுக்கும் வேண்டாம். மழைத்தண்ணீர் மூக்கு நுனியில் சொட்ட, அவர் அதையே யோசித்துக்கொண்டு நடந்தார்.

கைப்பேசி ஒரு புங்கமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியது. பொந்து காலி. பூவிழி முட்டிபோட்டுச் சேற்றில் கைவிட்டுத் துழாவினாள். மே மாத லீவில் வந்தபோது அந்தப் பொந்தில் இருந்த டப்பாவில் அவள் தன் மஞ்சள் பஸ்ஸை வைத்திருந்தாள். டப்பா அங்கேயே இருக்கும், பஸ்ஸை மட்டும் யாராவது எடுத்துப்போய் வேறு ஊர் டப்பாவில் வைப்பார்கள், அது ஊர் ஊராய்ப் போகும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இப்போது மரத்தைச் சுற்றி ஈரச் சருகைக் கிளறினாள்.

"எவனோ திருடிட்டான்" என்றார் அன்பரசன்.

வைரக்கண்ணுவுக்குக் காது சூடாகிவிட்டது. எல்லோரும் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்கள். பொந்தில் சத்தமில்லாமல் வைத்துவிடலாம். கை பைக்குள் போனது. ஆனால் ஒரு பொருளை ஒளித்து வைக்க அந்தக் கைக்குத் தெரியவில்லை. கொடுத்துத்தான் அதற்குப் பழக்கம். பூவிழியின் முன்னால் டப்பாவை நீட்டினார். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பதுபோல் மரியாதையாகவே கேட்டார்.

"இது உங்களுதா?"

மலர்க்கொடி முதலில் விழித்தாள். பிறகு சிரிப்பு தாங்காமல் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இதையா ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்க?" திருடன் என்று சொன்ன அன்பரசன் தலையைக் குனிந்து தன் கைப்பேசியைத் துடைக்கத் தொடங்கினார். மூடியைத் திறந்த பூவிழி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப பஸ் எங்கயுமே போகலையா?"

வைரக்கண்ணு யோசித்தார். "ஏன் போகல? திருவையாறு போச்சு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. நாகப்பட்டினத்துல ஒரு கல்யாணப் பாத்திரத்துக்குப் பேரு வெட்டப் போனேன், அப்ப நாகூரும் பாத்துருச்சு. கடக்கரையில ஒரு பாய்கிட்டகூட கேட்டேன், அவருது இல்லைன்னுட்டாரு."

பூவிழி பஸ்ஸின் சக்கரத்தை உருட்டிப் பார்த்தாள். "கடல் பாத்துச்சா?"

"பையில இருந்து எடுத்துக் காட்டுனேனே."

அவள் பஸ்ஸை மறுபடி உள்ளே வைத்து, மூடியை அழுத்தி, டப்பாவை அவர் கையில் கொடுத்தாள். எடுத்தவர்தான் திருப்பி வைக்க வேண்டுமாம். அதுதான் விதியாம்.

அவர்கள் குடைக்குள் ஒண்டிக்கொண்டு காருக்கு நடந்தார்கள். வைரக்கண்ணு பொந்தருகே குந்தினார். கட்டைவிரல் வழவழத்த விளிம்பை ஒரு சுற்று சுற்றி வந்தது. யார் பெயரை வெட்டுவது? திரும்பிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து உளியை எடுத்து, விளிம்பில் நிறுத்தி, பக்கத்தில் கிடந்த கல்லால் தட்டி, ஒரே ஒரு புள்ளி வைத்தார்.