வில் நின்ற பிறகு

நகரியில் தறி நெய்யும் ஒருவர் போன வாரம் திருச்சானூருக்கு என் வீடு தேடி வந்தார். கமலவேணி அக்காவின் தம்பி. கையில் அக்காவின் பிடில் வில். அவர் வாயைத் திறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஜுரம்னு படுத்துக்கினு இருந்தாங்க டீச்சர். காலைல எழுப்பப் போனா, இல்ல" என்றார்.

புத்தூர் பெண்கள் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்த வில் நினைவிருக்கும். அக்கா சயின்ஸ் டீச்சர், நான் டிராயிங் டீச்சர். நடுவில் திருகி நிறுத்திய பித்தளைத் தட்டில் மணலைத் தூவி, விளிம்பில் வில்லை இழுப்பார். தட்டு பாடும். மணல் ஓடிப்போய்க் கோலமாக நிற்கும். பிள்ளைகள் கைதட்டப் போனால், "கொஞ்சம் இருங்க" என்று கண்ணை மூடிக்கொள்வார். "சத்தம் எங்க முடியுதுன்னு காட்டு பாக்கலாம்? அங்கதான் நான் சாமி கும்புடறேன்" என்பார். சயின்ஸ் படித்தவர் பேசுகிற பேச்சா இது என்று கேலி செய்வேன். "படிச்சதாலதான்டி" என்று ஒரே போடாகப் போடுவார்.

ஆந்திர ராஜ்யம் பிறந்த புதிதில், டிராயிங் டீச்சர் எதற்கு என்று கேள்வி வந்தது. என் வேலை இருக்குமா, போகுமா என்பதை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. அக்கா தன் தட்டுக் கோலத்தை அவருக்குக் காட்டி எனக்காகப் பேசுவதாக இருந்தது. அவர் வந்த வெள்ளிக்கிழமை பார்த்து மணலெல்லாம் மழையில் நனைந்து கிடந்தது. அக்கா யோசிக்கவேயில்லை. வாசலில் கோலம் போட்ட பிள்ளைகளிடம் மிச்ச அரிசிமாவை வாங்கித் தூவிவிட்டார். வந்தது வினை. சயின்ஸ் புத்தகப் படத்தில் மணல் கோடாக ஓடிய இடமெல்லாம் தட்டில் காலி. காலியாக இருக்கவேண்டிய இடங்களில் மாவு குவிந்து நின்றது.

"ஏமம்மா, அந்தா தலகிந்துலுகா உந்தே!" எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அக்காவோ, "அலமேலு, இத அப்படியே வரை" என்றார். வரைந்தேன். அதற்குள் பியூன் இரும்புச் சட்டியில் மணலை வறுத்து எடுத்துவந்தார். அக்கா மாவைத் துடைத்துவிட்டு மணலைத் தூவி மறுபடி இழுத்தார். அதையும் அதே தாளில் வரையச் சொன்னார். மாவு விட்ட இடத்தில் மணல் வந்து பொருந்தியது.

"ரெண்டும் ஒரே சத்தம்தான் சார். மணலு கனம், அதிராத இடமா பாத்து ஒதுங்கிக்குது. மாவு லேசு, தட்டுமேல எழும்புற காத்து அத அதிர்ற இடத்துக்கே இழுத்துக்கினு போவுது. ஒண்ணக் கலைச்சாதான் இன்னொண்ணு வரும். ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னா வரையறவ வேணும்" என்றார் அக்கா.

இன்ஸ்பெக்டர் தட்டைப் பார்க்கவில்லை, என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை நிலைத்தது. இன்று நான் சாப்பிடும் சோறு அக்கா போட்டது.

இப்போது ஆந்திராவுக்கும் மதராசுக்கும் நடுவே எல்லைக்கோடும் போட்டாகிவிட்டது. மதராசோடு சேர்ந்த திருத்தணிப் பக்கம் போன சொந்தக்காரர்கள் அக்காவையும் கூப்பிட்டார்கள். "அங்க வந்து இழுத்தா வேற சத்தமா வரும்?" என்று சிரித்துவிட்டு இங்கேயே இருந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் முன் அன்று வரைந்த தாளை அவர் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். வில்லை நான் வைத்துக்கொண்டேன். நேற்று வகுப்பில் தட்டில் மணல் தூவி இழுத்தேன். கோலம் கூடியது. வில்லை எடுத்ததும் பிள்ளைகள் கைதட்டக் கையைத் தூக்கினார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டேன்.